உடலுறுப்புகளுக்குத் தமிழ் தந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்

ஒரு மொழியின் வளத்தை அளந்தறிய அதன் காப்பியங்களை நோக்குவது ஒரு வழி. மனித உடலை உச்சி முதல் உள்ளங்கால் வரை, தோல் முதல் எலும்பு வரை, ஐயத்திற்கு இடமின்றிப் பெயர் சொல்லி அம்மொழியில் விளக்க இயலுமா என்று பார்ப்பது மற்றொரு வழி. முதல் அளவுகோலின்படி தமிழுக்குக் குறையேதுமில்லை. இரண்டாம் அளவுகோலைத் தமிழின்மீது வைத்துப் பார்த்து, இயலும் என்று தம் வாழ்நாள் உழைப்பால் மெய்ப்பித்தவர் ஒருவர் உண்டு. அவர் தமிழ்நாட்டில் பிறந்தவர் அல்லர். ஈழத்தில் பிறந்தவரும் அல்லர். வட அமெரிக்காவில் பிறந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழ் கற்று, தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் பெருமகனாரே அவர்.

பிறப்பும் கல்வியும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில், கிறீன் ஹில் எனப்படும் குடும்பப் பண்ணையில், 1822ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் கிறீன் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், முன்னோருள் மருத்துவர் பலர் இருந்தனர். நியூயார்க் நகரின் வளர்ச்சிக்கு வித்திட்டவர் எனப் பின்னாளில் போற்றப்பட்ட ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் இவருடைய உடன்பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்ற கிறீன் 1845இல் மருத்துவப் பட்டம் பெற்றார். செல்வாக்குமிக்க குடும்பத்தில் தோன்றிய இளம் மருத்துவர் ஒருவருக்கு அந்நகரிலேயே வளமான வாழ்வு காத்திருந்தது. அவரோ அதனை நாடவில்லை.

அமெரிக்க மிஷன் என வழங்கப்பட்ட கிறித்தவச் சமயத் தொண்டமைப்பு 1816 முதல் யாழ்ப்பாணத்தில் பணியாற்றி வந்தது. அதன் மருத்துவராகக் கிறீன் 1847இல் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு அகவை ஏறத்தாழ இருபத்தைந்து. முதலில் வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் தங்கி நோயாளரைக் கவனித்தார். 1848இல் உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்து மருத்துவ வகுப்பொன்றைத் தொடங்கினார். அவ்வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடைபெற்றது. அக்காலத்தில் அது இயல்பானது. மேலை மருத்துவ நூல்கள் அனைத்தும் அம்மொழியில்தான் கிடைத்தன.

ஈண்டு ஒரு செய்தி நினைவுகூரத் தக்கது. தமிழ் உரைநடையின் தந்தை எனப் போற்றப்படும் ஆறுமுக நாவலர் பிறந்ததும் அதே 1822ஆம் ஆண்டிலேதான். நாவலர் சைவத்தைக் காக்க மிஷனரிமாரை எதிர்த்து நின்றவர். கிறீனோ அம்மிஷனரிமாருள் ஒருவர். சமயக் களத்தில் இருவரும் எதிரெதிர்த் திசையினர். ஆயினும் ஒரே காலத்தில், ஒரே தீபகற்பத்தில், ஒருவர் சமயத்தையும் இலக்கணத்தையும் மற்றவர் உடலையும் நோயையும் விளக்கத் தமிழ் உரைநடையைக் கருவியாகக் கொண்டனர் என்பது எண்ணி வியத்தற்குரியது.

சொல்லில் எழுந்த சிக்கல்

மருத்துவர் ஒருவருக்கு மொழிச் சிக்கல் எங்கே தொடங்குகிறது? நோயாளி வாய் திறந்து பேசும் முதற் சொல்லிலேயே தொடங்குகிறது. நெஞ்சு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது மார்புக் கூட்டின் தசையைக் குறிக்கலாம், இதயத்தைக் குறிக்கலாம், உணவுக் குழாயின் எரிச்சலையும் குறிக்கலாம். வயிறு என்னும் சொல் இரைப்பையையும் குடலையும், மகளிர் வழக்கில் கருப்பையையும் தழுவி நிற்கிறது. கை என்றால் தோள் முதல் விரல் நுனி வரை அனைத்தும் அடங்கும்.

இவற்றுள் மிகுந்த இடர் தருவது நரம்பு என்னும் சொல். யாழின் தந்தியும் நரம்பு. தசையை எலும்போடு பிணைக்கும் நாரும் நரம்பு. தோலின் கீழ்ப் பச்சையாய்த் தெரியும் குருதிக் குழாயும் நரம்பு. மூளையினின்று பிரிந்து உணர்ச்சியைக் கொண்டு செல்லும் இழையும் நரம்பு. கவிஞனுக்கு இப்பல்பொருள் ஒரு வளம். கத்தியைக் கையிலேந்திய அறுவை மருத்துவனுக்கோ இது பேரிடர். குருதிக் குழாயை அறுத்தால் குருதி பெருகும். தசை நாரை அறுத்தால் விரல் மடங்காது. உணர்விழையை அறுத்தால் உறுப்பு மரத்துப் போகும். மூன்றுக்கும் ஒரே பெயர் இருக்கும் வரை ஆசிரியர் சொல்வதை மாணவர் பிழையறப் பின்பற்ற இயலாது.

தமிழில் சொல் இல்லாமையன்று இங்குள்ள குறை. ஈரல் என்னும் ஒரு சொல்லைக் கொண்டு கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என மூன்று உறுப்புகளை அவற்றின் தன்மை தோன்றப் பகுத்துரைத்த மொழி இது. நுரைபோல் இலேசானது நுரையீரல். கல்போல் கனத்தது கல்லீரல். சிறுகுடல், பெருங்குடல், முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு, உள்ளங்கை என்பன எத்துணைச் செப்பமான பெயர்கள்! சொற்கள் இருந்தன, ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்னும் ஒழுங்கே வேண்டியிருந்தது. அவ்வொழுங்கை ஏற்படுத்தக் கிறீன் முனைந்தார்.

அங்காதிபாதம்

இளைஞரான கிறீன் தமிழை முறையாகக் கற்றார். வந்த சில ஆண்டுகளிலேயே மொழிபெயர்ப்பில் இறங்கினார். கால்வின் கட்டர் என்னும் அமெரிக்க மருத்துவர் மாணவர்க்கென எழுதிய உடலமைப்பு, உடலியக்கம், நலவியல் பற்றிய நூலை முதலில் எடுத்துக்கொண்டார். 1850களில் தமிழில் வெளிவந்த அந்நூலின் பெயர் அங்காதிபாத சுகரண வாத உற்பாலன நூல் என்பது. இன்று நம் நாவுக்கு அப்பெயர் சற்றுக் கடினமாகத் தோன்றலாம். அதனுள் மூன்று அறிவியல் துறைகள் அடங்கியுள்ளன. அங்காதிபாதம் என்பது உறுப்புகளின் அமைப்பைக் கூறுவது. சுகரணம் என்பது அவற்றின் தொழிலைக் கூறுவது. உற்பாலனம் என்பது அவற்றைப் பேணும் முறையைக் கூறுவது.

அங்காதிபாதம் என்னும் பெயர் தமிழாசிரியர்க்கு மற்றொன்றையும் நினைவூட்டும். பாட்டுடைத் தலைவரைக் கூந்தல் முதல் அடி வரை வருணிக்கும் கேசாதிபாதம் நம் சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்று. அடி முதல் முடி வரை வருணிப்பது பாதாதிகேசம். உறுப்புகளை ஒரு முறைவைப்பில் நிறுத்திச் சொல்லும் மரபு தமிழர்க்குப் புதியதன்று. கவிஞர் அழகின்பொருட்டுக் கையாண்ட அம்முறைவைப்பு இங்கே அறிவின்பொருட்டு வந்துள்ளது.

1857இல் மகப்பேறு பற்றிய பிரசவ வைத்தியம் வெளிவந்தது. தாயும் சேயும் மடிவது அன்றாட நிகழ்ச்சியாயிருந்த காலத்தில், ஊர் மருத்துவிச்சியரின் மொழியிலேயே அமைந்த நூல் அது என்பதை நாம் மறத்தலாகாது.

ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் ஓயாது உழைத்ததால் கிறீனின் உடல்நலம் குன்றியது. ஓய்வுக்காக அவர் தாயகம் திரும்பினார். அங்கே 1862இல் மார்கரெட் பெல்ப்ஸ் வில்லியம்ஸ் என்னும் நங்கையை மணந்து, அதே ஆண்டில் துணைவியாருடன் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார்.

1864ஆம் ஆண்டின் முடிவு

மீண்டு வந்தவர் ஒன்றைக் கண்டார். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்ற மாணவர் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரை விட்டுச் சென்றுகொண்டிருந்தனர். கல்வி அவர்களை உயர்த்தியது. ஆயினும் யாருக்காக அக்கல்வி அளிக்கப்பட்டதோ அவ்வூர் மக்களிடமிருந்து பிரித்தும் விட்டது. வாந்திபேதியும் அம்மையும் மக்களை வாரிச் சென்ற காலத்தில் சிற்றூர்கள் மருத்துவரின்றித் தவித்தன.

இந்நிலையில் 1864இல் கிறீன் துணிவானதொரு முடிவை எடுத்தார். மானிப்பாய் மருத்துவ வகுப்பு இனித் தமிழிலேயே நடைபெறும் என்பதே அம்முடிவு. தமிழில் கற்றவர் தமிழ் மக்களிடையே தங்குவர் என்பது அவர் கணிப்பு. தம் மாணவர் உடையிலும் பழக்கவழக்கத்திலும் மேனாட்டாரைப் போலி செய்வதை அவர் விரும்பவில்லை. அவர்கள் தமிழராகவே வாழ வேண்டும் என்று கடிதங்களில் வற்புறுத்தியுள்ளார்.

இம்முடிவு எளிதில் ஏற்கப்படவில்லை. ஆங்கிலமே உயர்வுக்கு ஏணி என்று எண்ணிய இளைஞர்க்கும் பெற்றோர்க்கும் தமிழ் வகுப்பு கவர்ச்சியற்றதாகத் தோன்றியது. அவர்களைக் குறை கூறவும் இயலாது. வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு ஓர் அரசாங்கச் சம்பளம் என்பது எத்துணைப் பெரிய பற்றுக்கோடு! தனி மனிதனின் முன்னேற்றமா, ஊரின் நலமா என்னும் வினா அன்றே மானிப்பாயில் எழுந்தது. கிறீன் ஊரின் பக்கம் நின்றார். மொத்தத்தில் அவரிடம் பயின்று வெளிவந்த மருத்துவர் அறுபதின்மருக்கும் மேலாவர். அவருள் தமிழிலேயே கற்றவரும் பலர்.

பெயரிடும் முறை

தமிழில் கற்பிக்க முடிவு செய்தபின் நூல்கள் வேண்டியிருந்தன. நூல்களுக்குச் சொற்கள் வேண்டியிருந்தன. கிறீன் வகுத்துக்கொண்ட நெறி தெளிவானது. ஒரு கருத்திற்கு ஏற்ற தமிழ்ச் சொல் உண்டாயின் அதுவே முதலிடம் பெறும். இல்லையேல் வடமொழியில் தேட வேண்டும். அங்கும் கிடையாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்பத் திருத்தி எழுத வேண்டும். வேதியியல் நூலுக்குக் கெமிஸ்தம் என்று அவர் பெயர் சூட்டியது மூன்றாம் வகைக்குச் சான்று. இரண வைத்தியம் என்னும் அறுவை மருத்துவ நூலின் பெயர், மக்கள் முன்னரே அறிந்த சொற்களால் அமைந்தது. கலைச்சொற்களைத் தொகுத்துத் தனித் தொகுதிகளாகவும் அவர் வெளியிட்டார்.

தமிழ் முதலில், கடன் சொல் கடைசியில் என்னும் இந்நெறி, தனித்தமிழ் இயக்கம் தோன்றுவதற்கும், இராஜாஜி முதலியோர் 1916இல் சேலத்தில் தமிழ் அறிவியற் சொற்களுக்கென ஒரு சங்கம் அமைப்பதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே வகுக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இப்பணியைக் கிறீன் தனித்துச் செய்தவர் அல்லர். சாப்மன், டான்போர்த், வில்லியம் பால் முதலிய அவருடைய தமிழ் மாணவர் மொழிபெயர்ப்பில் தோள் கொடுத்தனர். இப்பெயர்களைக் கண்டு அவர்களை மேனாட்டார் என்று கருதிவிடலாகாது. அவர்கள் மிஷன் வழக்கப்படி ஆங்கிலப் பெயர் பூண்ட யாழ்ப்பாணத் தமிழர்கள். ஆசிரியர் பொருளை விளக்க, மாணவர் சொல்லைத் தேட, இருவரும் கூடித் திருத்தினர். வகுப்பறையே சொற்பட்டறையாகவும் விளங்கியது.

மனுஷ அங்காதிபாதம்

1867இல் இரண வைத்தியம் வெளிவந்தது. 1872இல் வெளிவந்த மனுஷ அங்காதிபாதம் அவருடைய நூல்களுள் தலையாயது. இலண்டனில் ஹென்றி கிரே என்பவர் எழுதி 1858இல் வெளியான உடலமைப்பு நூல் இன்றும் புதுப்புதுப் பதிப்புகள் காண்பது. அதனை முதன்மையாகக் கொண்டு, பிற நூல்களையும் தழுவி எழுந்ததே மனுஷ அங்காதிபாதம். கிரே முப்பத்து நான்கு அகவையிலேயே, 1861இல், அம்மை நோய்க்கு இரையானார். அவருடைய நூலுக்குப் படம் வரைந்த கார்ட்டர் பம்பாய்க்கு வந்து மருத்துவத்துறையில் பணியாற்றினார். அந்நூலின் சாரம் அது தோன்றிப் பதினான்கே ஆண்டுகளில் தமிழில் கிடைத்தது என்பது பெருமிதத்துக்குரியது.

உடலை எவ்வாறு கற்பது என்பதற்குக் கிரேயின் நூல் ஓர் ஒழுங்கு காட்டிற்று. முதலில் எலும்புகள், அடுத்து அவை கூடும் மூட்டுகள், பின்னர் அவற்றை இயக்கும் தசைகள், அதன்பின் குருதிக் குழாய்கள், பிறகு நரம்புகள், இறுதியில் புலன்களும் உள்ளுறுப்புகளும். வீடு கட்டுவோன் தூண் நிறுத்தி, உத்தரம் பொருத்தி, சுவர் எழுப்புவது போன்றது இம்முறை. வளர்ந்த மனிதனுக்கு 206 எலும்புகள். அவற்றுள் 106 எலும்புகள் இரு கைகளின் மணிக்கட்டுக்குக் கீழும், இரு கால்களின் கணுக்காலுக்குக் கீழும் அமைந்துள்ளன. உழைக்கும் உறுப்புகளில்தான் பாதிக்கு மேற்பட்ட எலும்புகள் என்பது எத்துணை வியப்பு!

உறுப்புகளின் இடத்தைக் குறிக்கவும் ஓர் உடன்பாடு வேண்டும். உடல் நிமிர்ந்து நிற்கிறது, முகம் முன்னோக்குகிறது, கைகள் தொங்க உள்ளங்கைகள் முன்புறம் திரும்பியுள்ளன என்று கொண்டே முன், பின், மேல், கீழ், நடு, பக்கம் என்பன உரைக்கப்படும். உடல் படுக்கையில் கிடப்பினும் இதயம் நுரையீரல்களுக்கு நடுவிலும், தலை மேலாகவும் வைத்தே பேசப்படும். இவ்வுடன்பாட்டைப் புரிந்துகொண்ட மாணவனுக்கு உடல் ஒரு வரைபடமாகிவிடுகிறது. பெயர்கள் ஊர்களைப்போல் தத்தம் இடத்தில் அமர்ந்துவிடுகின்றன.

அதே 1872இல் பொது மருத்துவம் கூறும் வைத்தியாகரம் வெளிவந்தது. கெமிஸ்தம் 1875இலும், உடலியக்கம் கூறும் மனுஷ சுகரணம் 1883இலும் வந்தன. அவர் எழுதியும் எழுதுவித்தும் தமிழுக்குத் தந்த மருத்துவ நூல்கள் நாலாயிரம் பக்கங்களைத் தாண்டும் என்பர்.

பக்தாதும் மானிப்பாயும்

பிற சமயத்தார் ஒருவர் ஒரு மொழிக்கு மருத்துவச் சொற்களை அளிப்பது வரலாற்றில் புதியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் அப்பாசியக் கலீபாக்களின் ஆதரவில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிறித்தவர். கிரேக்க மருத்துவ மேதை காலனின் நூல்களை அரபுக்கும் சிரியாக் மொழிக்கும் கொண்டுவந்தவர். கண்ணைப் பற்றிப் பத்துக் கட்டுரைகள் வரைந்தவர். கலீபாக்கள் அவருடைய அறிவைப் போற்றினர். விழியின் உட்படலத்தை வலை போன்றது எனப் பொருள்படும் சொல்லால் அரபு மருத்துவர் குறித்தனர். பின்னர் அந்நூல்கள் இலத்தீனுக்குச் சென்றபோது அச்சொல்லின் பொருளைத் தழுவியே ரெட்டினா என்னும் பெயர் பிறந்தது. கிரேக்கத்தில் தோன்றிய கருத்து அரபு வழியாக இலத்தீனை அடைந்து இன்று உலகெங்கும் வழங்குகிறது. எம்மொழியும் பிறவியிலேயே அறிவியல் மொழியன்று என்பதும், உழைப்போர் வாய்த்தபோது எம்மொழியும் அறிவியல் மொழியாகும் என்பதும் இதனால் விளங்கும்.

ஹுனைனுக்கு அரசின் ஆதரவு இருந்தது. அவர் ஆக்கிய சொற்கள் பல்கிப் பெருகின. கிறீனுக்கு அத்தகைய ஆதரவு வாய்க்கவில்லை. இருவர்க்கும் இடையேயுள்ள வேறுபாடு புலமையில் அன்று, சூழலில் உள்ளது.

இறுதி நாள்கள்

உடல்நலம் மீண்டும் குன்றவே 1873இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு நிரந்தரமாகப் பிரிந்தார். வூஸ்டரில் இருந்தபோதும் அவருடைய மேசையில் தமிழ்க் கையெழுத்துப் படிகளே கிடந்தன. பனி பொழியும் அந்நகரில் அமர்ந்து தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். 1884ஆம் ஆண்டு மே 28ஆம் நாள், அறுபத்தோராம் அகவையில், தாம் பிறந்த கிறீன் ஹில்லிலேயே அவர் உயிர் பிரிந்தது. தமிழர்க்கு மருத்துவத் தொண்டு புரிந்தவர் என்னும் செய்தியே அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டது. பிறந்த ஊரில், பிறந்தோர் நடுவே புதைக்கப்பட்ட ஒருவர், தம்மைத் தமிழர்க்குரியவராகவே உலகிற்கு அறிவித்துக்கொண்டார்.

அவர் பிரிந்தபின் தமிழ் வழி மருத்துவ வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் தோன்றிய அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் கற்பித்தது. உத்தியோகமும் பட்டமும் அவ்வழியே கிடைத்தன. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை நின்றது. அவருடைய நூல்கள் நூலகங்களின் பேழைகளுக்குள் சென்றன. பின்னாளில் ஈழத்துக் கவிஞர் அம்பி அவரைப் பற்றி ஆராய்ந்து எழுதியதால் தமிழுலகம் அவரை மீண்டும் நினைந்தது.

நமக்குரிய பாடம்

கிறீனின் முயற்சி தோற்றது என்று கூறலாமா? நிறுவனம் மறைந்தது உண்மை. ஆனால் அவர் எழுப்பிய வினா மறையவில்லை. ஈழத்தில் நாடி, நாளம் எனவும், தமிழ்நாட்டில் தமனி, சிரை எனவும் குருதிக் குழாய்களை இன்று பள்ளிச் சிறுவரும் பிரித்துச் சொல்கின்றனர். எல்லாவற்றையும் நரம்பு என்று சொல்லிய நிலையிலிருந்து நாம் நெடுந்தொலைவு வந்துள்ளோம். ஆயினும் ஒரே உறுப்புக்குக் கடலின் இருகரையிலும் இருவேறு பெயர் வழங்குவது ஒரு குறையே. ஒரு சொல், ஒரு பொருள் என்னும் கிறீனின் கனவு இன்னும் முழுமை பெறவில்லை. மருத்துவப் பாடநூல்களைத் தமிழில் கொணரத் தமிழ்நாட்டரசு அண்மை ஆண்டுகளில் மேற்கொண்டுள்ள முயற்சி, மானிப்பாயில் தொடங்கிய பணியின் தொடர்ச்சியே ஆகும்.

ஆங்கிலம் வேண்டா என்பது இதன் பொருளன்று. கிறீனின் தாய்மொழியே ஆங்கிலம். ஆங்கில நூல்களிலிருந்துதான் அவர் அறிவைக் கொணர்ந்தார். நூலகத்தில் பல மொழி வேண்டும். நோயாளியின் படுக்கையருகே அவன் மொழி வேண்டும். தன் உடலில் எது பழுதுற்றது, எதை அறுக்கப் போகின்றனர் என்பதை நோயாளி தன் சொற்களில் கேட்டுத் தெளிதல் அவனுக்குரிய உரிமை. நம் வீட்டு முதியவர் மருத்துவமனையிலிருந்து திரும்பி, தமக்கு என்ன நோய் என்று சொல்லத் தெரியாமல் சீட்டை மட்டும் நீட்டும் நிலை தொடரும் வரை கிறீனுடைய பணி முடிவுறாது.

மாணவச் செல்வங்களே, அறிவியல் பயில்வோர் தமிழையும், தமிழ் பயில்வோர் அறிவியலையும் ஓரளவேனும் கற்றாலன்றி இப்பணி நிறைவேறாது. கடல் கடந்து வந்த ஒருவர் அவ்விரண்டையும் ஒருசேரக் கற்று, ஒவ்வோர் எலும்பையும் ஒவ்வொரு தசையையும் தமிழால் விளக்கிக் காட்டினார். இம்மொழியைத் தாய்ப்பாலோடு பெற்ற நாம் எஞ்சிய பணியைச் செய்து முடிப்பதே அவருக்குச் செலுத்தத்தக்க நன்றியாகும்.